டர்பன் பொது நூலகத்தில் தமிழ்க் கவிஞரின் உரை: தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்கத் தமிழர் நடத்தும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் கோவில் மண்டபத்தில்தான் நடக்கின்றன. காவடிக்கும் கூழ் வார்ப்புக்கும் அதுவே உரிய இடம். ஆனால் ஒரு கவிஞரை அழைத்துப் பேசவைக்க நினைக்கிறீர்கள் என்றால், உங்கள் வட்டாரப் பொது நூலகத்துக்குப் போங்கள் என்று சொல்வேன். 1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம், பூங்கா, கடற்கரை, நூலகம் என்று பொது இடங்களை எல்லாம் நிறத்தின் பெயரால் பிரிக்க வழி செய்தது. 1990இல்தான் அது நீக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் இன்று சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மெரிபேங்கிலும் நம் வீட்டுத் தாத்தாக்களாகவும் ஆயாக்களாகவும் இருக்கிறார்கள். அவர்களுடைய மொழி பொது நூலகத்தில் உரக்க ஒலிப்பதை அவர்கள் காது குளிரக் கேட்க வேண்டும். இதற்கு இடம் கேட்பது சலுகை கேட்பதும் ஆகாது. 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, மொழி வாரியம் மதித்து வளர்க்க வேண்டிய சமூக மொழிகளைப் பட்டியலிடும்போது தமிழையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அது 6ஆம் பிரிவில் உள்ளது. விண்ணப்பக் கடிதத்தில் இதைக் குறிப்பிடத் தயங்காதீர்கள்.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு கூட்டம் நடத்துவதற்கும் இங்கே நடத்துவதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. இங்கே வருகிறவர்களில் மிகப் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தேவாரத்தையும் திருப்புகழையும் ஆங்கில எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்துப் பாடிப் பழகியவர்கள் அவர்கள். ஓசை அவர்களுக்குச் சொந்தம், பொருள் பாதி புரியும், எழுத்து அந்நியம். ஆகவே இங்கே கவிஞரின் உரை என்பது முதலில் காதுக்கான ஏற்பாடு. கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

1. நூலகரை நேரில் பாருங்கள்

மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். கூட்டம் குறைவாக இருக்கும் வார நாள் காலையில் ஒரு பக்கக் கடிதத்தோடு நேரில் போங்கள். யார் பேசுகிறார், எந்த மொழியில், எத்தனை பேர் வரக்கூடும், எவ்வளவு நேரம், உங்களுக்கு என்ன வேண்டும் என்பவை அதில் இருந்தால் போதும். நூலகர் பெரும்பாலும் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். குறைந்தது மூன்று மாத அவகாசம் கொடுங்கள்.

அப்போதே கேட்டுவைக்க வேண்டியவை சில. செயற்பாட்டு அறையில் எத்தனை நாற்காலிகள் உள்ளன, ஒலிபெருக்கி இருக்கிறதா, சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள், சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை இருக்கிறதா, அறைக்குள் உணவு கூடுமா, கவிஞர் தம் நூல்களை விற்கலாமா. கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது. நகராட்சிக் கட்டடத்துக்குள் பணம் கைமாறுவதற்குத் தனி அனுமதி கேட்பார்கள். குத்துவிளக்கு ஏற்றுவதும் அப்படித்தான். புத்தகங்கள் நிறைந்த கட்டடத்தில் எரியும் திரிக்கு அனுமதி கிடைப்பது அரிது. பூ வைத்த விளக்கை ஏற்றாமல் வைத்தால் போதும்.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள்

நாள் தவறினால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் காவடிக்கு உரியவை. பெரிய வெள்ளியை ஒட்டி மாரியம்மன் விழாவும் தீமிதியும் வரும். ஆடியில் ஞாயிறுதோறும் கூழ். புரட்டாசி மாதம் முழுவதும் பல வீடுகளில் விரதம், சனிக்கிழமைகளில் பூசை. செப்டம்பர் 24 பாரம்பரிய நாளை ஒட்டி நிகழ்ச்சி வைக்க ஆசைப்படுகிறவர்கள் அது புரட்டாசிக்குள் விழுவதைக் கவனிப்பதில்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மெட்ரிக் தேர்வு இருப்பதால் பிள்ளைகள் வரமாட்டார்கள். இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த நவம்பர் 16ஐ நினைவுகூர விரும்புகிறவர்களும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மார்ச் 21 உலகக் கவிதை நாள். 1999இல் யுனெஸ்கோ அறிவித்தது. தென்னாப்பிரிக்காவில் அன்றுதான் மனித உரிமை நாள், 1960இல் ஷார்ப்வில்லில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களை நினைக்கும் பொது விடுமுறை. எனவே நூலகம் மூடியிருக்கும். ஆனால் அந்த வாரத்தை ஒட்டியே தென்னாப்பிரிக்க நூலக வாரமும் வருகிறது. 1818 மார்ச் 20 அன்று கேப் டவுனில் பொது நூலகம் ஒன்றை நிறுவ ஆணை பிறந்ததன் நினைவாக அதைக் கொண்டாடுகிறார்கள். அந்த வாரம் நூலகங்களே நிகழ்ச்சிகளைத் தேடிக்கொண்டிருக்கும். அறை எளிதில் கிடைக்கும், விளம்பரத்திலும் கைகொடுப்பார்கள்.

என்னுடைய விருப்பம் பிப்ரவரி 21ஐ ஒட்டிய சனிக்கிழமை. பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள், இங்கே விடுமுறை இல்லை. மறுநாள் பிப்ரவரி 22, தில்லையாடி வள்ளியம்மை இறந்த நாள். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த அந்தப் பெண், காந்தியின் சத்தியாகிரகத்தில் சேர்ந்து சிறை சென்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து 1914இல் பதினாறு வயதில் உயிர்விட்டார். இந்த மண்ணில் ஒரு தமிழ்க் கவிஞர் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான வாரம் எனக்குத் தோன்றவில்லை. பிப்ரவரியில் டர்பனின் புழுக்கம் கடுமையாக இருக்கும் என்பது மட்டுமே குறை; மின்விசிறி உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள்.

நேரம் காலை பத்து மணி. மாலை வேண்டாம். ஜூன் மாதத்தில் டர்பனில் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். இருட்டிய பின் மினிபஸ் டாக்ஸி கிடைக்காது என்ற கவலையிலேயே முதியவர்கள் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

3. யாரை அழைப்பது

கவிஞர் என்றதும் நம் கண் கடல் தாண்டிப் போகிறது. முதலில் உள்ளூரில் தேடுங்கள். கோவில் மலர்களிலும் தமிழ்ச் சங்க ஆண்டிதழ்களிலும் பாட்டு எழுதியவர்கள் இருக்கிறார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதும் இளைய கவிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களும் நம் கவிஞர்களே, அவர்களை அழைக்கத் தயங்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் டர்பனில் நடக்கும் ‘பொயட்ரி ஆஃப்ரிக்கா’ விழா 1997 முதல் நடைபெறுகிறது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையம் அதை நடத்துகிறது. அங்கே வாசிக்க வரும் கவிஞர்களைக் கவனித்துவந்தால் நல்ல பெயர்கள் கிடைக்கும்.

மூன்றாவது வகையினரை எவரும் கவிஞர் என்று அழைப்பதில்லை. தெருக்கூத்தை இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்கிறார்கள். அதில் பாடி ஆடியவர்களும், கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பெண்களும் டொங்காட்டிலும் வெருலத்திலும் இன்னும் இருக்கிறார்கள். கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளில் வாய்வழியாக வந்த பாட்டு அது. அழைத்த கவிஞரோடு இப்படி ஒரு பெரியவரையும் பத்து நிமிடம் பாடவைத்தால், அச்சில் ஏறாத கவிதைக்கும் அன்றைக்கு ஓர் இடம் கிடைக்கும். அவருக்கும் கவிஞருக்குக் கொடுக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள். அழைப்பிதழில் பெயர் போடுங்கள், பயணச் செலவு கொடுங்கள்.

இந்தியாவிலிருந்து ஒருவரை வரவழைப்பதாக இருந்தால், இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தென்னாப்பிரிக்க விசா வேண்டும். அழைப்புக் கடிதம், தங்குமிடம், செலவை யார் ஏற்பது என்பது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். காணொளி வழியாக என்றால் எளிது. தென்னாப்பிரிக்கா இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், டர்பனில் காலை பத்து என்றால் அங்கே பிற்பகல் ஒன்றரை. ஆனாலும் திரையில் தெரியும் முகத்தைவிட எதிரே நிற்கும் மனிதரின் குரலே மேல் என்பது என் உறுதியான கருத்து.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். பொன்னாடையும் நினைவுப் பரிசும் பெட்ரோல் போட உதவாது. நுழைவு இலவசம்தான், ஆனால் கவிஞரின் உழைப்பு இலவசம் அல்ல. தொகை சிறியதாக இருந்தாலும் எவ்வளவு, எப்போது என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

4. கவிதைத் தாள்

என் கணக்கில் முழு ஏற்பாட்டிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய வேலை இதுதான். நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பே கவிஞரிடமிருந்து ஆறு அல்லது ஏழு கவிதைகளைக் கேட்டு வாங்குங்கள். குறுங்கவிதைகளாக இருக்கட்டும், ஒரு பக்கத்தைத் தாண்டும் கவிதை ஒன்று போதும். ஓசை கட்டிய பாட்டு ஒன்றாவது இருந்தால் நல்லது. எதுகையும் மோனையும் தேவாரம் கேட்டு வளர்ந்த காதில் உடனே ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு கவிதைக்கும் தாளில் மூன்று பத்திகள் வேண்டும். இடப்பக்கம் தமிழ் எழுத்தில் கவிதை, நடுவில் அதே கவிதை ஆங்கில எழுத்தில், வலப்பக்கம் ஆங்கிலப் பொருள். வரிக்கு வரி நேராக வர வேண்டும். மூன்றாம் வரியைக் கவிஞர் வாசிக்கும்போது, ஃபீனிக்ஸிலிருந்து வந்த ஒரு பெண் மூன்றாம் வரியிலேயே விரலை வைத்திருக்க முடிய வேண்டும்.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மேற்கோடு, கீழ்ப்புள்ளிக் குறிகள் வேண்டாம். இங்கே நாயுடு என்ற குடும்பப் பெயரின் கடைசி ஓசைக்கே இரண்டு ‘ஓ’ போட்டு எழுதிப் பழகியவர்கள் நாம். நெடில் வரும் இடத்தில் எழுத்தை இரட்டித்து எழுதுங்கள், உடனே வாய்க்கு வந்துவிடும். எழுதியதைத் தமிழ் படிக்கத் தெரியாத ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை தடுமாறும் இடத்தையெல்லாம் திருத்துங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

ஆங்கிலப் பொருளைக் கவிஞரிடம் காட்டாமல் அச்சிடாதீர்கள். அழகாக இருக்க வேண்டும் என்று முயன்று பொருளைத் தொலைப்பதைவிட, எளிய உரைநடையில் வரிகளின் பொருளைச் சொல்லிவிடுவது மேல். தானியங்கி மொழிபெயர்ப்பைப் போட்டால் கவிதை அவமானப்படும்.

அச்சிடும்போது ஒரு சிக்கல் வரும். நூலகக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கவிதை முழுவதும் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். யூனிகோட்டில் தட்டச்சு செய்து, எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆக மாற்றி, முந்தின நாளே ஒரு தாள் அச்சிட்டுப் பாருங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். பதினான்கு புள்ளிக்குக் கீழே போக வேண்டாம்.

காப்புரிமையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, எழுத்துப் படைப்புக்கு ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து ஐம்பது ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. 1921இல் மறைந்த பாரதியின் பாடல்களையும் 1964இல் மறைந்த பாரதிதாசன் பாடல்களையும் தாளில் தாராளமாக அச்சிடலாம். இன்று வாழும் ஒருவரின் கவிதை என்றால், அச்சிடவும் மொழிபெயர்க்கவும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

5. செய்தியைக் கொண்டுசேர்ப்பது

கோவில் அறிவிப்புப் பலகை, தமிழ்ப் பள்ளி, குடும்ப வாட்ஸ்அப் குழு ஆகிய மூன்றும் போதும். லோட்டஸ் எஃப்எம் தமிழ் நிகழ்ச்சித் தொகுப்பாளர்களுக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு குறிப்பு அனுப்புங்கள். அறிவிப்பில் ‘தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் வாருங்கள், கையில் தாள் தருவோம்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். பலர் வராமல் இருப்பது ஆர்வக் குறைவால் அல்ல. தெரியாது என்ற கூச்சத்தால்.

நூலகத்துக்கு அன்றாடம் வரும் சுலு வாசகர்களுக்கும் அழைப்பு போகட்டும். அரசர் முன் புகழ்ப்பா பாடும் இம்போங்கி மரபு அவர்களுக்கு உண்டு. நம் பாணர் மரபைக் கேட்டதும் அவர்கள் முகம் மலரும். தமிழ்க் கவிதை ஒன்றின் சுலு வடிவத்தைச் சுலு மொழி ஆசிரியர் ஒருவர் வாசிக்க ஏற்பாடு செய்ய முடிந்தால் அன்றைய கூட்டம் வேறு தரத்துக்கு உயரும்.

6. அறையும் ஒலியும்

மேடை வேண்டாம். நாற்காலிகளை அரை வட்டமாக மூன்று வரிசை போடுங்கள், கவிஞர் நடுவில் நிற்கட்டும். காது மந்தமானவர்களுக்கு முதல் வரிசை. குளிரூட்டியைப் போட்டு அதன் இரைச்சலைக் கேட்டுப் பாருங்கள். ஒலிபெருக்கியில் வரும் குரல் அதை அமுக்காவிட்டால் நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறவுங்கள். மின்தடைக்கு நாம் பழகியவர்கள். பேட்டரியில் இயங்கும் ஒலிபெருக்கி ஒன்றை இரவல் வாங்கிவையுங்கள், சன்னல் வெளிச்சம் கவிஞரின் தாளில் விழும் பக்கமாக நிற்கவையுங்கள். பகல் நேரம் என்பதால் இவை இரண்டும் போதும்.

7. அன்று காலை

மொத்தம் எழுபத்தைந்து நிமிடம். இதில் கவிஞருக்கும் கேள்விகளுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும். நம் கூட்டங்களின் தீராத நோய் வரவேற்புரை. தலைவர் பேசி, செயலாளர் பேசி, புரவலரைப் புகழ்ந்து, மாலை மரியாதை முடிவதற்குள் கவிஞருக்கு இருபது நிமிடம் மிஞ்சுகிறது. முக்கியமானவர்கள் அனைவரையும் ஒரே தாளில் பெயர் சொல்லி அச்சிட்டு வாசலில் கொடுத்துவிடுங்கள். வரவேற்பு மூன்று நிமிடம், அதை நூலகரே செய்யட்டும். அது அவருடைய வீடு.

தமிழ்த்தாய் வாழ்த்தோ ஒரு திருக்குறளோ பாட வேண்டும் என்றால் தமிழ்ப் பள்ளிப் பிள்ளை ஒருவர் பாடட்டும். பிறகு கவிஞர் நேராக ஒரு கவிதையை வாசித்துத் தொடங்கட்டும், தன் வாழ்க்கை வரலாறு பிறகு வரட்டும்.

ஒவ்வொரு கவிதையும் மூன்று முறை ஒலிக்க வேண்டும். முதலில் தமிழில், விளக்கம் எதுவும் இல்லாமல். பிறகு வேறு ஒருவர் ஆங்கிலப் பொருளை வாசிக்க வேண்டும். மறுபடியும் தமிழில், இப்போது சற்று மெதுவாக. முதல் முறை ஓசை மட்டும் வந்து சேரும், மூன்றாவது முறை ஓசையோடு பொருளும் வந்து சேரும். நேரம் போதவில்லை என்று மறு வாசிப்பை வெட்ட நினைப்பீர்கள். கவிதையின் எண்ணிக்கையைக் குறையுங்கள், மறு வாசிப்பைக் குறைக்காதீர்கள். முதலில் ஆங்கிலத்தைச் சொல்லிவிட்டால் அதோடு கேட்பவர் மனம் திருப்தியடைந்து தமிழைக் காத்திருந்து கேட்காது. வரிசை மாறவே கூடாது.

இடையிடையே கவிஞர் தான் எப்படி எழுதுகிறார், எந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தார் என்று பேசட்டும். தமிழில் பேசினால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஒருவர் சுருக்கம் சொல்ல வேண்டும். அதற்கு ஆளை முன்பே அமர்த்திப் பயிற்சி கொடுங்கள்.

8. கேள்வி நேரம்

‘யாருக்காவது கேள்வி உண்டா’ என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். தமிழ் சரியாகப் பேச வராதே என்று பெரியவர்களே வாய் திறக்கமாட்டார்கள். சிறு காகிதங்களைக் கொடுத்து எந்த மொழியிலும் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்றும் செய்யலாம். ‘உங்கள் ஆயா பாடிய பாட்டில் நினைவிருக்கும் ஒரு வரியைச் சொல்லுங்கள்’ என்று கவிஞரே கேட்கட்டும். ஒருவர் தொடங்கினால் போதும். பொருள் தெரியாமல் ஐம்பது ஆண்டு மனத்தில் கிடந்த வரிகள் வெளியே வரும். கவிஞர் அங்கேயே பொருள் சொல்லலாம். இந்தப் பகுதிக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், யாராவது ஒருவர் அந்த வரிகளை எழுதிக்கொள்ளட்டும்.

படம் பிடிப்பது, பதிவு செய்வது பற்றித் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பிள்ளைகளின் முகத்தை வெளியிடப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

வடை, சமூசா, தேநீர் எல்லாம் வெளிக்கூடத்தில், முடிந்த பிறகு. நல்ல பேச்சு அங்கேதான் தொடரும், கவிஞரை அவசரமாகக் காரில் ஏற்றிவிடாதீர்கள்.

9. அடுத்த வாரம் செய்ய வேண்டியவை

நிகழ்ச்சி முடிந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறவர்கள் அதிகம். நூலகத்தில் நடத்தியதன் பயன் இனிமேல்தான். கவிஞரின் நூல் இரண்டு படிகளை நூலகத்துக்குக் கொடுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க நூலகங்கள் பயன்படுத்தும் டூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண் உண்டு. உங்கள் நூலகத்தில் அந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று அலமாரியில் போய்ப் பாருங்கள், இல்லாதவற்றைப் பட்டியலிட்டு வாங்கச் சொல்லி நூலகரிடம் விண்ணப்பம் கொடுங்கள். வந்தவர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்டால் விண்ணப்பத்துக்கு எடை கூடும். புத்தகத்தை இரவல் வாங்கவும் வேண்டும். எவரும் எடுக்காத புத்தகத்தை அலமாரியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

உள்ளூர்க் கவிஞர் தம் பாடல்களைக் கோவில் அச்சகத்தில் சிறு நூலாகப் போட்டிருந்தால், அடுத்த பதிப்புக்கு ஐ.எஸ்.பி.என். என்ற பன்னாட்டு நூல் அடையாள எண் வாங்கச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்கத் தேசிய நூலகம் அதைக் கட்டணமின்றித் தருகிறது. நாட்டில் வெளியாகும் நூல்களைச் சட்டப்படி ஒப்படைக்க வேண்டிய நூலகங்களுள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகராட்சி நூலகமும் ஒன்று. அங்கே போய்ச் சேர்ந்த நூல் நிலைத்திருக்கும்.

பெரியவர் பாடிய பாட்டின் பதிவையும், கேள்வி நேரத்தில் எழுதிக்கொண்ட வரிகளையும் உரியவர்களின் ஒப்புதலோடு படியெடுத்து, டர்பனில் உள்ள 1860 பாரம்பரிய மையத்துக்கோ குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்துக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். 1860க்கும் 1911க்கும் இடையில் நட்டாலுக்கு வந்த 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர், ஊர், வயதைக் கப்பல் பட்டியல்கள் குறித்துவைத்திருக்கின்றன; அவர்கள் பாடியதை எந்தப் பட்டியலும் குறிக்கவில்லை. பதிவோடு பாடியவரின் பெயர், பிறந்த தோட்டம், யாரிடம் கற்றார், எந்த நாளில் பாடினார் என்ற விவரத்தையும் ஒரு தாளில் எழுதி இணையுங்கள்.